யந்திரம் விழிக்கும் வேளை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறியை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது அது பாதியிலே ஸ்தம்பித்து நின்றுவிட்டால், தொடங்கிய செயலே அதைக் கெடுத்துவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். இந்த யந்திரத்தின் சரித்திரத்தை ஆரம்ப நாட்களிலிருந்து பார்த்து வந்தவர்களுக்கோ இந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை என்பது விளங்கும். முன்பே உள்ளுக்குள் நலிந்துபோய், ஓட்டத்தின் சீரிலே எப்படியோ தாக்குப்பிடித்து வந்த ஓர் உறுப்பு, தொடங்கும் கணத்தின் கடுமையைத் தாங்கமாட்டாமல் தன் நலிவை வெளிப்படுத்திவிடுகிறது. கணிப்பொறியில் பழுது பார்க்கும் கலை பிறந்ததும் வளர்ந்ததும் பெரும்பாலும் அந்த ஒரு கணத்தை முன்னிட்டுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதல் மின்னணுக் கணிப்பொறிகள் வால்வுகளால் ஆனவை. கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை அகற்றி, உள்ளே ஓர் இழையைச் சூடேற்றி, அந்தச் சூட்டினால் வெளிப்படும் எலெக்ட்ரான்களை ஆட்சி செய்யும் அந்தச் சாதனத்தை, பழைய ரேடியோப் பெட்டி வைத்திருந்த குடும்பத்தார் அறிவார்கள். குளிர்ந்து கிடக்கும் இழைக்கு மின்தடை குறைவு; ஆகையால் சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமான மின்சாரம் அதனுள் பாய்கிறது; உலோகமும் சட்டென்று விரிகிறது. வீட்டில் பழைய இழை பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடச் சுவிட்சைத் தட்டும் கணத்தில் போவதே அதிகம் அல்லவா? காரணம் இரண்டுக்கும் ஒன்றே. ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள். ஒன்று போனால் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான வால்வுகளைக் கோத்து ஒரே யந்திரம் செய்தால், ஏதாவது ஒன்று எப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கும், அந்த யந்திரம் ஒருநாளும் ஒழுங்காக ஓடாது என்று 1940-களில் நிபுணர்கள் பலர் உறுதியாக நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வால்வுகளைப் பிரயோகித்துப் பார்த்த அநுபவத்தினால் அவர் கண்டறிந்தது இதுதான்: வால்வுகளை அடிக்கடி அணைத்து ஏற்றாமல், ஏற்றியபடியே விட்டுவைத்தால் அவை நெடுங்காலம் உழைக்கும். ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைப்பதற்காக அவர் கட்டிய கொலோசஸ், சுமார் 1,600 வால்வுகளுடன் 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளெட்ச்லி பார்க்கில் வேலையைத் தொடங்கி, அவர் சொன்னதை மெய்ப்பித்தது. யுத்த ரகசியமாகையால் அந்தச் செய்தி 1970-கள் வரை வெளியே வரவில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தவர்கள் அதே பாடத்தைத் தாங்களாகவே, சிரமப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எக்கர்ட்டும் மாக்லியும் உருவாக்கி, 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டிய எனியாக், ஏறக்குறைய 18,000 வால்வுகளும் 30 டன் எடையும் உடையது. ஆரம்பத்தில் அநேகமாகத் தினந்தோறும் சில வால்வுகள் போயின. போனவற்றுள் பெரும்பாலானவை, யந்திரத்தை ஏற்றிச் சூடாகும் போதோ, அணைத்துக் குளிரும் போதோ போனவை. எக்கர்ட் வால்வுகளை அவற்றின் சக்திக்கு வெகுவாகக் கீழ்ப்பட்ட அளவிலேயே வேலை வாங்கினார். யந்திரத்தை நிறுத்துவதையும் கூடியமட்டும் தவிர்த்தார்கள். இதனால் இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற அளவுக்குப் பழுது குறைந்தது. 1946-இன் பிற்பகுதியில் நிறுத்தி, மேரிலாந்தின் அபர்தீனுக்குக் கொண்டுபோய், 1947 ஜூலையில் மறுபடி ஏற்றிய அந்த யந்திரம் 1955 அக்டோபர் வரை உழைத்தது; பழுதே இல்லாமல் அது தொடர்ந்து ஓடிய மிக நீண்ட காலம் 1954-இல் கண்ட 116 மணி நேரம்.

எனியாக்கின் பழுதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்னும் ஆறு பெண்கள், ரகசியக் கட்டுப்பாட்டினால் யந்திரத்தை அருகே சென்று பார்க்கவும் அநுமதியில்லாமல், வரைபடங்களை மாத்திரம் விரித்து வைத்துக்கொண்டு அதன் உள்ளமைப்பை ஐயந்திரிபறக் கற்றார்கள். பின்னர் ஒரு கணக்குத் தவறும்போது, தவறான விடையின் தன்மையைக் கொண்டே எந்தப் பகுதி, அந்தப் பகுதியில் எந்த வால்வு என்று சுட்டிக்காட்டும் தேர்ச்சியை அடைந்தார்கள். பழுது பார்த்தல் என்பது கைவேலைக்கு முன்பே அறிவின் வேலை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன். இவர்களுடைய பெயர்கள் பல பத்தாண்டுகள் எவராலும் பேசப்படாமல் கிடந்தது வருந்தத்தக்கது.

தொடக்கத்துக்கு வேறொரு சங்கடமும் உண்டு. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக் என்னும் கணிப்பொறி, நினைவைப் பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாக வைத்திருந்தமையால், மின்சாரம் நின்றால் சகலத்தையும் மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு தொடக்கத்திலும் அதற்கு அரிச்சுவடி கற்பிக்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் சுவிட்சுகளில் 31 ஆணைகளை டேவிட் வீலர் நிரந்தரமாகப் பொருத்திவைத்தார். இன்றைய கணிப்பொறி விழித்தவுடன் முதலில் வாசிக்கும் சிறு நிரலுக்கு அதுவே மூதாதை.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் தலைமையில் உருவான வேர்ல்விண்ட். விமானங்களைக் கண்காணிக்கும் பணிக்குப் பயன்படவேண்டிய யந்திரம் நடுவழியில் நின்றுவிடலாகாது. வால்வு ஒரே நாளில் சாவதில்லை. நாளாக நாளாக அதன் வலிமை தேய்கிறது. தேய்ந்த நிலையிலும் சாதாரண வேளைகளில் ஒழுங்காகவே வேலை செய்வதனால் எவர் கண்ணுக்கும் அது புலப்படுவதில்லை. எனவே பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நேரத்தில், யந்திரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும், பரிசோதனைக் கணக்குகளை ஓடவிட்டார்கள். வலிமையுள்ள வால்வு அந்த மாறுதலைப் பொறுத்துக்கொள்ளும். நலிந்தது உடனே தவறிவிடும். தவறியதை அப்போதே மாற்றிவிடுவார்கள். தற்செயலாக வரவேண்டிய விபத்தைத் தாங்கள் குறித்த நேரத்துக்கு வரவழைத்துக்கொண்ட இந்த முறையைக் காட்டிலும் உயர்ந்த யோசனை பழுது பார்ப்போர் உலகில் இதுவரை தோன்றவில்லை என்றே கருதுகிறேன்.

வால்வுகள் மறைந்து டிரான்சிஸ்டர்களும் சில்லுகளும் வந்தபோது, தொடக்கத்தின் ஆபத்து வேறு உருவம் எடுத்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டருக்கு அருகே பொறியாளர் எவரும் நிற்கப்போவதில்லை. ஆகையால் யந்திரம் தன்னைத்தானே பரீட்சித்துக்கொள்ள வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பயாஸ் என்னும் நிரந்தர நிரல் பிராசஸரையும், தன்னையும், மெமரி முழுவதையும் சோதித்து, எல்லாம் சரியானால் ஒரே ஒரு பீப் ஒலி எழுப்பும். மெமரியில் கோளாறு என்றால் திரையில் 201 என்ற எண்ணைக் காட்டும்.

மெமரி கூடக்கூட இந்தப் பரீட்சைக்கு ஆகும் நேரமும் கூடிற்று. நிரல்களைச் சோதிக்கும்போது யந்திரம் அடிக்கடி நின்றுபோய், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து காத்திருக்க நேர்ந்த சங்கடத்தைப் போக்க, போகா ரேடனில் அந்தக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த டேவிட் பிராட்லி, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மறுதொடக்கம் நிகழும்படி செய்தார். அவ்விதம் அழுத்தும்போது மெமரியின் ஒரு குறித்த இடத்தில் 1234 என்ற எண் எழுதப்படும். அதைக் கண்ட பயாஸ், மெமரிப் பரீட்சையை விட்டுவிட்டு மேலே செல்லும். மின்சாரமும் நிற்பதில்லை, ஆதலால் உள்ளே செருகிய கார்டுகள் தம் பழைய நிலையை மறக்காமலே இருக்கக்கூடும். மின்சாரத்தை அறவே நிறுத்திப் போட்டால் சரியாகத் தொடங்கும் கணிப்பொறி, மறுதொடக்கத்தில் மாத்திரம் நின்றுபோவதற்கு இது ஒரு பழைய காரணம். இரு விதத் தொடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை அநுபவசாலிகள் முதற் பரிசோதனையாகக் கொள்வதும் இதனால்தான்.

2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், மதர்போர்டுகளில் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள் ஏராளமாகப் புகுந்துவிட்டமையால், எனியாக் காலத்து அச்சம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரும்பி வந்தது. உள்ளிருக்கும் திரவம் கெட்டு, வாயு உண்டாகி, அவற்றின் தலை மேடிட்டுவிடும். குளிர்ந்த நிலையில் அவற்றின் குறை அதிகப்படுவதால், முதல் இரண்டு முயற்சிகளில் தவறும் யந்திரம் சற்றுச் சூடேறியபின் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். இந்தக் குறியைக் கண்ட மெக்கானிக், விண்டோஸை மறுபடி ஏற்றுவதில் பொழுதைக் கழிக்காமல், மின்சாரத்தை நீக்கிப் பெட்டியைத் திறந்து, பிராசஸருக்கு அருகில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்ப்பார். மேடிட்டவற்றை எடுத்துவிட்டு அதே அளவுள்ள நல்லவற்றைச் சால்டர் வைத்து ஒட்டிய பிறகு, அவ்விதம் பழுது நீங்கிய மதர்போர்டுகள் பல, மேலும் பல ஆண்டுகள் உழைத்தன.