பலாலி – சென்னை வான்வழி: தூரமும் பயண நேரமும்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையிலான நேர்கோட்டு வான்தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர் ஆகும். கொழும்பை அடுத்த இரத்மலானை பலாலியிலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீட்டரில் உள்ளது. அதாவது, யாழ்ப்பாணத்துக்கு இரு நகரங்களும் வானில் ஏறக்குறைய சம தொலைவுதான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவையாக ஒரு டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அப்போது அழைக்கப்பட்ட இந்நிலையத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கியதே இவ்வழியில்தான் என்பது பலரும் மறந்த செய்தி. மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் டக்கோட்டாவுக்குப் பலாலி – சென்னைப் பயணம் ஒன்றேகால் மணி நேர வேலை.

1978 உடன் இந்தியாவுக்கான சேவை நின்றது. பின்னர் வந்த போர் பலாலியைப் படைத்தளமாக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது ஊர்களும் வயல்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. அதன்பின் சென்னைக்குச் செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. பிறகு கட்டுநாயக்காவிலிருந்து 645 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டும். பாதை திறந்திருந்தாலே இதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும். ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்ட ஆண்டுகளில் கொழும்பை அடைவதே பெரும்பாடு. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் பயணிகள் விமானம் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் மாண்டனர்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. ஓடுபாதையின் பயன்படுத்தத்தக்க நீளம் குறைவு என்பதால் பெரிய ஜெட் விமானங்களுக்கு இடமில்லை. ஏடிஆர் 72 வகைச் சுழலி விமானமே பறந்தது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். கணக்குப்படி 355 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போதும். ஆயினும் கால அட்டவணை ஒன்றேகால் மணிக்கு மேல் காட்டியது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்க முறை காத்திருப்பது ஆகிய அனைத்தும் அட்டவணை நேரத்தில் அடங்கும். ஆக, 1947இன் டக்கோட்டா வான்பறப்புக்கு எடுத்த நேரத்தை விட இது பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் ஏடிஆர் விமானத்துடன் இவ்வழியில் இணைந்தது. பெரிய விமானங்கள் வர ஓடுபாதையை நீட்ட வேண்டும். அதற்குத் தேவைப்படும் நிலத்தின் அருகிலேயே 1990இல் வெளியேறிய குடும்பங்களின் விடுவிக்கப்படாத காணிகளும் உள்ளன.