கண்டிக்கு வந்த மானிடவியலாளர்

1941 ஆகஸ்டில் கென்னத் லேண்டனுக்கு வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தது. பத்தாண்டுகள் தாய்லாந்தில் மதப்பணி செய்து ஊர் திரும்பியிருந்தவர் அவர். தாய்லாந்தைப் பற்றி அமெரிக்க அரசிடம் இருந்த கோப்பை எடுத்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தவை அவரே எழுதிய சில கட்டுரைகள்தாம். பின்னாளில் அவரே சொன்ன தகவல் இது.

சில மாதங்களில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. பர்மா, மலாயா, சுமத்ரா என்று பெயர் மட்டுமே தெரிந்த நாடுகளில் போர் நடத்த வேண்டிய நிலை. 1942 ஜூனில் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பை ரூஸ்வெல்ட் உருவாக்கினார். ஹார்வர்டு வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் லாங்கர் அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். வரலாறு, புவியியல், பொருளியல், மானிடவியல் படித்த ஏறத்தாழ 900 பேர் அங்கே சேர்ந்தார்கள். ஒற்றர்கள் கொண்டுவரும் துண்டுச் செய்திகளைவிட, நூலகத்தில் கிடந்த அறிவை ஒழுங்காகத் தொகுத்துத் தருவதே அவர்கள் வேலை.

அவர்களில் ஒருவர் கோரா டு பாய்ஸ். இன்றைய இந்தோனேசியாவின் அலோர் தீவில், அத்திமேலாங் என்ற மலைக்கிராமத்து மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்தவர். அந்தத் தீவுகளைக் கண்ணால் கண்ட அமெரிக்கர்களே அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1944இல் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை இலங்கையின் கண்டிக்கு மாற்றினார். அங்கிருந்த ஓ.எஸ்.எஸ். ஆய்வுக் கிளையின் தலைவராக டு பாய்ஸும் வந்தார். ஆண்கள் மட்டுமே ஆணையிட்டுப் பழகிய போர்முகாமில் ஒரு பெண் அந்தப் பொறுப்பில் இருந்தது சாதாரணச் செய்தி அல்ல. தாய்லாந்தில் ஜப்பானுக்கு எதிராக இயங்கிய சுதந்திரத் தாய் இயக்கத்துக்கான பணிகளுக்கு அவருடைய பிரிவின் அறிவு தேவைப்பட்டது.

கூட்டாளிகளுக்குள்ளேயே ஒரு பிணக்கும் இருந்தது. போர் முடிந்ததும் ஐரோப்பியர்கள் தங்கள் காலனிகளுக்குத் திரும்பி வரத் துடித்தார்கள். அதற்கு அமெரிக்கப் படை துணைபோவதா என்ற கேள்வி, அந்த மக்களை அறிந்தவர்களின் மனத்தை அரித்தது.

டு பாய்ஸின் அலோர் நூல் வெளிவந்ததும் அதே 1944இல்தான். அவர் அங்கு போகும்வரை அமெரிக்கா என்றொரு நாடு இருப்பதே அத்திமேலாங் மக்களுக்குத் தெரியாது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, போரில் ‘ஹமெரிக்கா’தான் ஜெயிக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்ற பேச்சு படைமுகாமுக்கு எட்டியது. அதைக் கலகமாக எடுத்துக்கொண்ட ஜப்பானியர்கள், டு பாய்ஸின் நண்பர்கள் ஐவரைப் பிடித்துச் சென்று கலபாஹி ஊரில் எல்லோர் கண்ணெதிரே தலையை வெட்டினார்கள். நூலின் பிற்காலப் பதிப்பில் அவர் இதை மறைக்காமல் எழுதினார். ஆய்வாளரின் பொறுப்பு எங்கும் முடிவதில்லை என்ற வேதனை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஒரு நிலப்பகுதியை ஆழ்ந்து கற்ற இத்தகைய அறிஞர்களைப் பற்றிப் பேசுவோர் அந்த ஐவரையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1945 இலையுதிர்காலத்தில் ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட்டது. ஆய்வுப் பிரிவு வெளியுறவுத் துறைக்குப் போனது; டு பாய்ஸும் அங்கே தென்கிழக்காசிய ஆய்வைக் கவனித்தார். லேண்டனும் அதே துறையில் இருந்தார். 1946 ஜனவரியில் அவர் ஹனோய் சென்று வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னைச் சந்தித்தார். அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஹோ அனுப்பிய கடிதங்களுக்கு ஒருபோதும் பதில் வரவில்லை. அந்த டிசம்பரில், பிரெஞ்சுக்காரர்களுடன் போர் வெடிப்பதற்குச் சில நாள் முன்னர், தென்கிழக்காசியப் பிரிவுத் தலைவர் அபட் லோ மொஃபாட்டும் ஹனோயில் ஹோவைப் பார்த்தார். வியட்நாமில் நடப்பது முதலில் ஒரு விடுதலைப் போராட்டம் என்பது இந்தப் பிரிவினரின் கணிப்பு. ஆனால் ஐரோப்பாவைக் கவனித்த அதிகாரிகளுக்குப் பிரான்ஸின் மனம் கோணாமல் இருப்பதே முக்கியம். துறைக்குள் அவர்கள் கையே ஓங்கியது. 1950இல் வாஷிங்டன், வியட்நாமில் பிரெஞ்சு ஆதரவு பெற்ற பாவோ தாய் அரசை அங்கீகரித்தது. பிரெஞ்சுப் போருக்குப் பணமும் ஆயுதமும் போகத் தொடங்கின.

அதே ஆண்டு மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தி, மங்கோலிய, சீன எல்லைப்பகுதிகளைக் கரைத்துக் குடித்த ஓவன் லாட்டிமோரைச் சோவியத் ஒற்றர் என்றார். ஆதாரம் எதுவும் இல்லை. பின்னர் அவர்மேல் சுமத்தப்பட்ட பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளும் 1955இல் கைவிடப்பட்டன. 1963இல் அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சீனாவை நேரில் அறிந்த ஜான் சர்வீஸ், ஜான் கார்ட்டர் வின்சென்ட், ஜான் பேட்டன் டேவிஸ் மூவரும் ஒருவர்பின் ஒருவராக வெளியுறவுப் பணியை இழந்தார்கள். டு பாய்ஸும் அரசுப் பணியை விட்டார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தர முன்வந்த பதவியை, அங்கே கேட்ட விசுவாச உறுதிமொழியை எடுக்க மனமில்லாமல் மறுத்தார். 1954இல் ஹார்வர்டில் பேராசிரியரானார்; 1960களில் புவனேசுவரத்தில் ஆய்வு நடத்தினார்.

வியட்நாம் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா, 1995இல் வெளியான தம் நினைவுநூலில், சர்வீஸ், டேவிஸ், வின்சென்ட் போன்றவர்கள் விரட்டப்பட்டதால் வழிகாட்ட ஆளில்லாமல் போனதாக வருந்தினார். அது பாதி உண்மைதான். வியட்நாமை ஆராய்ந்த பெர்னார்ட் ஃபால் 1961இலேயே அங்கே பிரெஞ்சுக்காரர் அடைந்த தோல்வியை விரிவாக எழுதி வெளியிட்டிருந்தார். வாஷிங்டனிலேயே ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். அவரை அரசு கண்காணித்தது. கலந்து ஆலோசித்ததைவிட அதில்தான் அக்கறை காட்டியது. 1967 பிப்ரவரியில் ஹுவே அருகே கண்ணிவெடியில் சிக்கி அவர் இறந்தார். போர் அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் நீண்டது. மொத்தத்தில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியரும் மாண்டார்கள். ஆள் இல்லாமல் இல்லை. 1946இலேயே சொன்னவர்களின் சொல்லை வாஷிங்டன் காதில் வாங்கவில்லை.