மட்டக்களப்பு வாவிப் பகுதி: நிலப்பயன்பாட்டு மாற்ற வரைபடங்கள்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலம் எப்போது வயலாக, காடாக, கண்டலாக, குடியிருப்பாக இருந்தது என்பதைக் காலவாரியாகப் பதிந்து ஒப்பிடும் வரைபடங்கள் இவை. வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஊர்கள் நெருங்கிய ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சற்றரையுமாக விரிவது படுவான்கரை.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாடு முழுவதற்குமான வான்படங்கள் 1956இல் கனடாவின் உதவியோடு எடுக்கப்பட்டன. அதற்குள் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் (1949) தென்பகுதிக் காட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டது. அப்படங்களை 'பழைய நிலை' என்று கொள்வது தவறு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதால், அதற்கு முந்திய 'மட்டக்களப்பு மாவட்ட' எண்களை இன்றைய எண்களோடு நேராக ஒப்பிடவும் முடியாது. 1972இல் லாண்ட்சாட் செய்மதி வந்தது. 1980களில் அதன் படங்கள் 30 மீற்றர் நுணுக்கம் பெற்றன. 2015இல் வந்த சென்டினல்-2 அதை 10 மீற்றராக்கியது.

செய்மதி காண்பது நிலத்தின் போர்வையை மட்டுமே; பயன்பாட்டை அல்ல. ஒரே நெல்வட்டை (வயற்பரப்பு) ஐப்பசியில் சேறு, மார்கழியில் பச்சை, அறுவடைக்குப் பின் மாடு மேயும் தாள்நிலம். மாரிமழையில் செய்யும் பெரும்போகத்தில்தான் வானத்தை முகில் மூடும். அதனால் தெளிவான படங்கள் பெரும்பாலும் கோடையில் எடுத்தவை. அவற்றில் மானாவாரி வயல் வெறுந்தரையாகத் தெரியும். முகிலை ஊடுருவும் ராடர் படங்கள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. வாவிக் கரையும் நிலையாக இருப்பதில்லை. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மாரி வெள்ளம் வயல்களில் ஏறும்போது அம்மணல் வெட்டி விடப்படும். முகத்துவாரம் வெட்டுமுன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் அருகருகே வைத்தால் வாவி சுருங்கியதாகவே தோன்றும்.

1978 நவம்பர் சூறாவளி தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2004 ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. இவ்விரண்டையும் படத்தில் எளிதாக அடையாளம் காணலாம். உள்நாட்டுப் போரின் தடம் அப்படியல்ல. மக்கள் இடம்பெயர்ந்தபின் வயல்களில் மண்டிய புதர், வகைப்படுத்தலில் காடு பெருகியதுபோல் காட்டும். கிழக்கில் போர் ஓய்ந்த 2007க்குப் பின் அந்நிலங்களை மீண்டும் உழுதது காடழிப்பாகப் பதிவாகிவிடும். வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் ஒருமுறை விசாரித்தாலே இப்பிழை நீங்கிவிடும்.

மேய்ச்சற்றரைக்கு வகைப்பட்டியலில் பெரும்பாலும் தனியிடம் கிடைப்பதில்லை. புல்லும் புதரும் ஒரே நிறத்தில் தீட்டப்படுகின்றன. ஆனால் வயல்களில் நெல் நிற்கும் மாதங்களில் மாடுகள் போகும் இடம் அதுதான். அத்தகைய மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்துக் கால்நடைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினர்.