நூலகர்களுக்கான சமூக ஊடகப் பயிற்சி

நூலகர்களுக்கான சமூக ஊடகப் பயிற்சி என்பது நூலகப் பணியாளர்கள் வலைப்பூ, படப் பகிர்வுத் தளம், விக்கி, முகநூல், கீச்சகம் (ட்விட்டர்) முதலிய இணையக் கருவிகளைத் தாமே இயக்கிப் பார்த்து, அவற்றைத் தம் தொழில் வளர்ச்சிக்கும் வாசகர் பணிக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் முறையாகும். ஆசிரியர், வகுப்பறை, தேர்வு ஆகிய மூன்றும் இல்லாத சுயகற்றல் இதன் அடிப்படை. 2006இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தொடங்கிய '23 விஷயங்கள்' திட்டம் இதன் முன்னோடி. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளில் அது பின்னர் வெவ்வேறு வடிவங்களில் நடந்தது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல மொழி வாசகர்களும், பிரிக்பீல்ட்ஸில் உள்ள பார்வையற்றோர் நூலகமும் இப்பயிற்சிக்குத் தனித் தேவைகளைச் சேர்க்கின்றன.

பின்னணி

நூலகர்கள் பணியில் இருந்துகொண்டே பயில்வது தமிழகத்தில் பழைய வழக்கம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே நூலகர்களுக்குக் கோடைகாலப் பயிற்சியைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அப்பயிற்சியை ஏற்று நடத்தலாயிற்று. இரங்கநாதனுடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நான்காம் விதி. நூலகம் வளரும் ஓர் உயிர் என்பது ஐந்தாம் விதி. நூல் அட்டையிலிருந்து கணினிப் பட்டியலுக்கும், அங்கிருந்து சமூக ஊடகத்துக்கும் நூலகப் பணி நகர்ந்தபோது, ஒவ்வொரு முறையும் பணியில் இருந்தவர்களே மீண்டும் மாணவர்களாக வேண்டியிருந்தது.

2000களின் நடுப்பகுதியில் இணையத்தின் இயல்பு மாறியது. பக்கத்தைப் படித்துவிட்டுப் போன பயனர், அதில் எழுதவும் படமேற்றவும் குறிச்சொல் இடவும் தொடங்கினார். படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2004இலும், வாசகர்கள் தம் வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங் 2005இலும் வந்தன. வாசகரும் பங்கேற்கும் நூலகச் சேவையைக் குறிக்க மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் 2005இல் 'நூலகம் 2.0' என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். வாசகர்கள் கையாளத் தொடங்கிவிட்ட கருவிகளை நூலகர்கள் பலர் தொட்டும் பார்த்திராத நிலையில்தான் பயிற்சியின் தேவை எழுந்தது.

23 விஷயங்கள்

வட கரோலினாவின் சார்லட் நகரிலுள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக இருந்த ஹெலன் புளோவர்ஸ் 2006 ஆகஸ்டில் இத்திட்டத்தைத் தொடங்கினார். நூலகர்கள் அந்த ஆண்டில் செய்து பார்க்கத்தக்க 43 செயல்களைப் பற்றி ஸ்டீபன் ஆப்ரம் என்ற நூலகர் எழுதிய கட்டுரை இதற்குத் தூண்டுகோலாக இருந்தது. புளோவர்ஸ் அதைச் சுருக்கி, ஒன்பது வாரங்களில் முடிக்கத்தக்க 23 சிறு பணிகளாக வகுத்தார்.

முதல் வாரம் வாழ்நாள் கற்றலுக்கான ஏழரைப் பழக்கங்களைப் பற்றியது. அந்த அரைப் பழக்கம் விளையாட்டு. இரண்டாம் வாரம் ஒவ்வொரு பணியாளரும் தமக்கென ஒரு வலைப்பூ தொடங்கினார். படங்கள், செய்தியோடை, குறிச்சொல், விக்கி, இணையவழி ஆவணங்கள், வலையொலி, காணொளி என்று அடுத்தடுத்த வாரங்கள் நகர்ந்தன. ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்தபின், நேர்ந்ததைத் தம் வலைப்பூவில் எழுதினால்தான் அந்தப் பணி முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. சக ஊழியர்கள் அதைப் படித்துக் கருத்துச் சொன்னார்கள். தடுமாறியவருக்கு முன்னே போனவர் வழிகாட்டினார். அனைத்தையும் முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 கருவி கிடைத்தது. மடிக்கணினி ஒன்றுக்குக் குலுக்கலும் நடந்தது.

பாடங்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்டதால் எந்த நூலகமும் அவற்றை எடுத்துத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது. திட்டம் பல நாடுகளுக்குப் பரவியதில் இந்த உரிமத்துக்குப் பெரும் பங்குண்டு.

பரவலும் மாற்றமும்

மெல்பர்ன் நகரின் யாரா பிளென்டி வட்டார நூலகம் இத்திட்டத்தை முதலில் பின்பற்றியவற்றுள் ஒன்று. 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் தமக்கான வடிவத்தை நடத்தினர். அதன் தொடர்ச்சியாக 2011 ஜூனில் தொடங்கிய 'தொழில் வளர்ச்சிக்கான 23 விஷயங்கள்', திட்டத்தின் நோக்கத்தையே மாற்றியது. சார்லட் நகரில் வாசகருக்கு உதவும் கருவிகளே மையமாக இருந்தன. இங்கே நூலகரின் தொழில் வாழ்க்கை மையமாயிற்று. கீச்சகம், லிங்க்ட்இன், மேற்கோள்களைத் தொகுக்கும் சோடெரோ ஆகியவற்றோடு, நேர்முகச் சந்திப்புகள், மூத்தவரின் வழிகாட்டல், கருத்தரங்கில் பேசுதல், வேலைக்கு விண்ணப்பித்தல், அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுதல் ஆகியவையும் பாடங்களாயின. பல நாட்டு நூலகர்கள் அதில் சேர்ந்தனர். 2013இல் கைப்பேசியை மட்டும் மையப்படுத்திய '23 கைப்பேசி விஷயங்கள்' வந்தது. அயர்லாந்து நூலகர்கள் 2015இல் 'ரூதாய் 23' என்ற பெயரில் தம் வடிவத்தை நடத்தினர்.

படப் பகிர்வைப் பழகுவதன் பயனுக்கு 2008 ஜனவரி நிகழ்வு சான்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தொகுப்பிலிருந்து சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கரில் ஏற்றியது. பொதுமக்கள் அவற்றில் இருந்த ஊர்களையும் மனிதர்களையும் கட்டடங்களையும் அடையாளம் காட்டினர். அவர்கள் தந்த தகவல்கள் சரிபார்க்கப்பட்டு நூலகத்தின் பட்டியலில் சேர்ந்தன.

கருவிகளின் ஆயுள்

பழைய பாடத்திட்டங்களை இன்று திறந்தால் பாதி இணைப்புகள் வேலை செய்யா. செய்தியோடைகளைப் படிக்கப் பயன்பட்ட கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. பக்கக்குறிகளைச் சேமித்த டெலிஷியஸில் 2017க்குப் பின் புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை. சமூக ஊடகப் பதிவுகளைத் தொகுக்க உதவிய ஸ்டோரிஃபை 2018 மே மாதத்திலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் முடிவுக்கு வந்தன. 2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் என்று பெயர் மாறியது.

இதனால் பாடத்தைக் கருவியின் பெயரால் அமைப்பதைவிடச் செயலின் பெயரால் அமைப்பது நிலைத்து நிற்கும் என்பது தெளிவாயிற்று. 'கூகுள் ரீடரைப் பயன்படுத்துவது எப்படி' என்ற பாடம் அந்தக் கருவியோடு போயிற்று. 'துறைச் செய்திகளைத் தொடர்ந்து கவனிப்பது எப்படி' என்று அமைந்த பாடத்துக்கு வேறொரு கருவி போதும். ரீடருக்கு அடித்தளமாக இருந்த செய்தியோடை நுட்பம் வலையொலி நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்க்கும் பணியை இன்றும் செய்துவருகிறது.

மலேசியச் சூழல்

மலேசிய நூலகர்களின் தொழில் அமைப்பு 1955இல் மலாயா நூலகக் குழுவாகத் தொடங்கி, இன்று மலேசிய நூலகர் சங்கமாக இயங்குகிறது. மாரா தொழில்நுட்பக் கழகம் 1968இல் நூலகவியல் பயிற்சியைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் படிப்பு 1990களின் நடுவில் வந்தது. அங்கிருந்து இத்துறைக்கான ஆய்விதழ் 1996 முதல் வெளிவருகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நூலகம் கோலாலம்பூரின் துன் ரசாக் சாலையில் உள்ளது. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா தன் பேராயத்தை 2018 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடத்தியது.

2005இல் வந்த பொதுத்துறைப் பயிற்சிக் கொள்கை, அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்றது. நாள் கணக்கில் அளக்கப்படும் பயிற்சிக்கும், வேலைக்கு நடுவே சில நிமிடங்களாகச் சிதறிக் கிடக்கும் சுயகற்றலுக்கும் இடையே ஒரு பொருத்தமின்மை உண்டு. அந்த நிமிடங்களைப் பயிற்சியாக ஏற்பதா என்பது நிர்வாகம் தீர்க்க வேண்டிய கேள்வி.

2020இல் பெருந்தொற்று பலரையும் கட்டாய மாணவர்களாக்கியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18இல் நடப்புக்கு வந்தது. யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரின் ஆண்டு ஏப்ரல் 23இல் தொடங்க இருந்தது. கதவடைத்த நூலகங்கள் கதை வாசிப்பையும் கலந்துரையாடலையும் முகநூல் நேரலைக்கும் இணையக் கூட்டங்களுக்கும் கொண்டுசென்றன. பள்ளிகளில் 1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தின் பதிவேடும் இன்று இணையத்தில் உள்ளது. தமிழ்ப் பள்ளியில் நூலகப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்குப் பாட வேளைகளுக்கு நடுவே அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் நகரைச் செங்கல்லால் எழுப்பியபோது அதற்குச் சூளை போட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் லிட்டல் இந்தியாவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, பார்வையற்றோர் பலர் வாழ்ந்து வேலை செய்யும் இடமாகவும் அறியப்படுகிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும், 1953இல் திறக்கப்பட்ட கர்னி பயிற்சி மையமும் இங்கே உள்ளன. சங்கம் பிரெய்ல் நூல்களும் ஒலி நூல்களும் கொண்ட நூலகத்தை நடத்துகிறது.

இத்தகைய வாசகரை எண்ணிப் பார்க்கும்போது சமூக ஊடகப் பயிற்சியில் ஒரு பாடம் கூடுகிறது. நூலக நிகழ்ச்சிகளின் அறிவிப்பு பெரும்பாலும் அழகான எழுத்துருவில் வடிவமைத்த ஒரே படமாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வலம்வருகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள திரைவாசிப்பான் அதை வெறும் படம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். நாளும் இடமும் நேரமும் பார்வையற்ற வாசகரை எட்டாமலே போகும். அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகத் தட்டச்சு செய்தால் சிக்கல் தீர்ந்தது. ட்விட்டர் 2016இல் படங்களுக்கு மாற்று விவரணை எழுதும் வசதியைத் தந்தது. பிற தளங்களிலும் அது உண்டு. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் உருவாக்கத் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ தமிழையும் படிக்கும். நூலகர் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தம் நூலகத்தின் முகநூல் பக்கத்தை அதன்வழி கேட்டுப் பார்ப்பதே இதற்குத் தக்க பயிற்சி.

பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2014இல் அதை முதலாவதாக உறுதிசெய்தது. மலேசியா 2022இல் இணைந்தது.

பிரிக்பீல்ட்ஸிலுள்ள கேஎல் சென்ட்ரல் நிலையம் மலாயாப் பல்கலைக்கழகத்தையும் கிள்ளானையும் இரயில்வழி இணைக்கிறது. நேரில் கூடிக் கற்பதும் தொழில் வளர்ச்சிப் பாடத்தின் ஓர் அங்கம் என்பதால் இந்த வசதி பொருட்படுத்தத்தக்கது.

தமிழில் பயிற்சி

வாட்ஸ்அப் 'புலனம்' என்றும் இன்ஸ்டாகிராம் 'படவரி' என்றும் மலேசியத் தமிழில் வழங்குகின்றன. தமிழ்க் கணிமைக்கும் இந்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்தது.

தமிழ் நூல்களைக் கையாளும் நூலகருக்கு இரண்டு சிக்கல்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஒன்று, பழைய எழுத்துருக்கள். ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பட்டியலைத் தேடுபொறியும் திரைவாசிப்பானும் தமிழாக அறியா; முதலில் அதை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மற்றொன்று, பெயர்களின் ரோமன் எழுத்து வடிவம். முருகன் என்ற பெயரை நூலகப் பட்டியல் மரபு 'கே' எழுத்தோடு எழுதும். அடையாள அட்டையில் அது பெரும்பாலும் 'ஜி' எழுத்தோடு இருக்கும். வாசகர் தாம் அறிந்த வடிவில் தேடி, நூல் இல்லை என்று திரும்பிவிடுவார். சமூக ஊடகப் பதிவில் தமிழ் எழுத்தையும் வழக்கிலுள்ள ரோமன் வடிவங்களையும் சேர்த்துத் தருவது இரங்கநாதனின் நான்காம் விதி கேட்கும் உதவி.

பயிற்சிக்கான களங்களும் தமிழில் உள்ளன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோளைச் சேர்ப்பது நூலகருக்குக் கைவந்த வேலை. 'ஒரு நூலகர், ஒரு மேற்கோள்' என்ற உலகளாவிய இயக்கம் 2016 ஜனவரியில் இதை நோக்கியே தொடங்கியது. 2005இல் தொடங்கிய இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகமான நூலகம் திட்டம், பழைய இதழ்களையும் நூல்களையும் மின்வருடிப் பட்டியலிடும் முறையைக் கற்க மற்றொரு களம்.

வரம்புகள்

சுயகற்றலில் தொடங்குவோர் அனைவரும் முடிப்பதில்லை. ஒருவரே எல்லாப் பொறுப்பையும் சுமக்கும் சிறு நூலகத்தில் நேரமே முதல் தடை. நிறுவனக் கணக்கும் ஊழியரின் சொந்தக் கணக்கும் கலக்கும்போது எந்தக் கருத்து யாருடையது என்ற குழப்பம் எழும். பொறுப்பாளர் மாறிப்போகையில் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுவதுண்டு. வாசகரின் படத்தையோ அவர் எடுத்துச் சென்ற நூலின் பெயரையோ ஒப்புதலின்றிப் பகிர்வது தொழில் நெறிக்கு மாறானது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாததால், அரசு நூலகங்களில் இந்த நெறியின் பொறுப்பு கூடுதலாக நூலகரையே சார்ந்திருக்கிறது. விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பயனை அளப்பதும் ஒரு குறை. அந்தப் பதிவைப் பார்த்து நூலகத்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

சார்லட் நகரத் திட்டத்திலும் 2011இன் தொழில் வளர்ச்சித் திட்டத்திலும் 23ஆவது விஷயமாகப் புதிய கருவி எதுவும் தரப்படவில்லை. அதுவரை கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதுவதே கடைசிப் பணியாக அமைந்தது.