கப்பல் கோதுமையும் கோபிச்செட்டிபாளையம் தேர்தலும்

கொங்கு கண்ட உலகம் – 17

1967 பிப்ரவரி. கோபிச்செட்டிபாளையம் நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டு எண்ணி முடித்தபோது மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் சி. சுப்பிரமணியம் தோற்றிருந்தார். ஜெயித்தவர் திமுகவின் பி.ஏ. சாமிநாதன். கோவை வட்டாரத்தில் 'சி.எஸ்.' என்று சொன்னாலே தெரியும் மனிதர் அவர். பத்தாண்டு சென்னை மாநில அமைச்சர், பிறகு டெல்லியில் உருக்குத் துறை, அதன்பின் உணவுத் துறை. கீழ்பவானி வாய்க்கால் ஓடும் சீமையில், உழவர் குடியிலேயே பிறந்த உணவு அமைச்சரை உழவர்களே தோற்கடித்தார்கள்.

இந்தத் தோல்விக்கு உள்ளூர்க் காரணங்கள் பல உண்டு. ஆனால் அதன் ஒரு வேர் கடல் கடந்து, அமெரிக்காவின் அயோவா, கான்சாஸ் மாநிலங்களின் தானியக் கிடங்குகள் வரைக்கும் போகிறது. அங்கிருந்து தொடங்கினால்தான் கோபியின் கதை விளங்கும்.

ஓட்டுக்காக விளைந்த உபரி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு ஆதரவு விலை கொடுத்துக்கொண்டே போனது. கோதுமை மாநிலங்களின் ஓட்டு இரண்டு கட்சிகளுக்கும் வேண்டும். விலை குறைக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. விளைச்சல் மலையாகக் குவிந்தது. கிடங்கு வாடகையே கருவூலத்தை அரித்தது. அதற்கு வழியாக 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுச் சட்டம் 480. நம்மூர்ப் பத்திரிகைகள் அப்போது எழுதியபடி 'பி.எல். 480'. உபரித் தானியத்தை நட்பு நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்கலாம் என்பது அதன் சாரம்.

1956-ல் இந்தியா இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. டாலர் செலவில்லாமல் ரூபாய்க்குக் கோதுமை கிடைத்தால் எந்த நிதியமைச்சருக்குக் கசக்கும்? கனரக ஆலைகளில் மனம் வைத்திருந்த திட்டக்குழுவுக்கு இது பெரிய வசதி. கப்பல் கோதுமையைக் கொண்டு நகரங்களின் ரேஷன் கடைகளை நடத்தலாம். சந்தையில் தானிய விலையை ஏறவிடாமல் பிடிக்கலாம். இந்த வசதிக்கான விலையைக் கொடுத்தவன் நம் உழவன். அவனுடைய விளைச்சலுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை. கிடைக்காதபோது அவன் ஏன் கூடுதலாக விளைவிப்பான்?

எனக்கு இதில் தயக்கம் இல்லை: அமெரிக்க அரசியல்வாதிகள் தங்கள் விவசாயியின் ஓட்டைக் காக்கச் செய்ததை, இந்தியத் திட்டக்காரர்கள் தங்கள் விவசாயியின் செலவில் ஏற்றுக்கொண்டார்கள். அது தர்மம் என்று பேசப்பட்டது. உண்மையில் அது இரு தலைநகரங்களுக்கும் வாய்ப்பாக அமைந்த ஒரு கொடுக்கல் வாங்கல்.

செங்குட்டைப்பாளையத்துக்காரர்

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். உணவுத் துறை அன்றைக்கு யாரும் விரும்பாத துறை. அரசியல் வாழ்வைப் புதைக்கும் இடம் என்றே பேச்சு. அதை சி.எஸ். ஏற்றார். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கீழ்பவானி அணை கட்டி முடிந்ததையும், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் உருவானதையும் சென்னை அமைச்சரவையில் இருந்தே பார்த்தவர்.

அவர் கேட்ட முதல் கேள்வி எளிமையானது. பண்ணயம் செய்கிறவனுக்கு லாபம் இருக்கிறதா? இல்லை என்றால் எத்தனை பிரசாரம் செய்தும் பயனில்லை. 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைந்தது. அதே மாதம் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் தலைமையகம் முதலில் இருந்தது சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது தஞ்சாவூரில். விளைவித்தவனுக்கு முன்கூட்டியே விலையைச் சொல்வது, சந்தை விழுந்தால் அரசே அந்த விலைக்கு வாங்குவது என்ற ஏற்பாடு இங்கேதான் தொடங்கியது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. விலையைக் கூட்டினால் நகரத்து மக்கள் தாங்க மாட்டார்கள் என்றார்கள். உரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி முட்டுக்கட்டை போட்டார். அந்நிய விதையும் உரமும் அமெரிக்காவுக்கு அடிமைச் சாசனம் என்று இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் முழங்கினார்கள். சி.எஸ். பின்வாங்கவில்லை. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை விதையை 1965-ல் 250 டன் வரவழைத்தார். சோதனை வயல்களில் அது நின்று காட்டியதும், 1966-ல் ஒரே மூச்சில் 18,000 டன் இறக்குமதி செய்தார். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் வேளாண் செயலாளர் பி. சிவராமனும் உடன் நின்றார்கள். டெல்லியில் தன் அரசு வீட்டின் புல்வெளியை உழுது, அங்கேயும் அந்தக் கோதுமையை விதைத்தார் அமைச்சர். பெரிய இடத்துப் பங்களாக்களில் ரோஜாத் தோட்டம் இருந்த தெருவில், அவர் வீட்டு முற்றத்தில் கதிர் முற்றியது. பயிர் எப்படி வருகிறது என்பதைக் கோப்பில் படிக்காமல் வாசலில் நின்று பார்த்த அமைச்சர் அவர்.

ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியது காங்கிரஸின் நாக்பூர் தீர்மானம் சொன்ன கூட்டுறவுப் பண்ணை முறையை எதிர்த்து. நிலம் உழவனுடையதாக இருக்கட்டும், விலையை அவன் பெறட்டும், பர்மிட்டும் லைசென்சும் குறையட்டும் என்பதே அவர் வாதம். அந்த வாதத்தின் வேளாண்மைப் பாதியைக் காங்கிரஸ் அமைச்சரவைக்குள் இருந்து செய்து காட்டியவர் பொள்ளாச்சிக்காரர்.

ஜான்சன் பிடித்த கயிறு

1964 நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல். லிண்டன் ஜான்சன் 61 சதவீத ஓட்டு வாங்கி, பாரி கோல்ட்வாட்டரை 486-க்கு 52 என்ற கணக்கில் வீழ்த்தினார். அடுத்த ஆண்டு இந்தியாவில் பருவமழை பொய்த்தது. 1964–65-ல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1965–66-ல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. போதாக்குறைக்கு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர்.

அந்த நேரம் பார்த்து, காலாவதியான பி.எல். 480 ஒப்பந்தத்தை ஜான்சன் நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்க மறுத்தார். மாதத்துக்கு மாதம், கப்பலுக்குக் கப்பல், தானே பார்த்து அனுமதி தந்தார். மேய்ச்சல் மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவதுபோல இந்தியாவைக் கட்டினார். வேளாண்மைக்குப் பணம் ஒதுக்கு, உரத் தொழிலைத் திற, விலைக் கொள்கையை மாற்று என்பது நிபந்தனை. 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனும் சி.எஸ்ஸும் சந்தித்து உடன்பாடு கண்டார்கள். அதில் இருந்ததில் பெரும்பகுதி சி.எஸ். முன்பே டெல்லியில் போராடிக்கொண்டிருந்த விஷயம்தான்.

ஜான்சன் கேட்டது நியாயம். கேட்ட விதம் ஒரு தேசத்தை அவமானப்படுத்திய விதம். வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசியதை 1966-ல் இந்தியா கண்டித்தபோது கயிறு இன்னும் இறுகியது. அந்த ஆண்டில் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் ஒரு கோடி டன். கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் மூட்டை பிரியும் என்ற நிலை. சில மாதங்களில் கோதுமைக்குப் பதில் வந்தது மைலோ. அமெரிக்காவில் மாட்டுத் தீவனமாகப் போகும் செஞ்சோளம் அது. சோளத்தையும் கம்பையும் ராகியையும் தன் தோட்டத்தில் விளைவித்துத் தின்று வளர்ந்த கொங்குச் சனம் வாழ்ந்த நாட்டுக்கு, கடல் தாண்டிச் சோளம் வந்தது.

1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாய் ஆனது. அந்த முடிவை சி.எஸ். ஆதரித்தார், காமராஜ் எதிர்த்தார். சொன்னபடி வெளிநாட்டு உதவி முழுதாக வரவில்லை. விலைவாசி மட்டும் ஏறியது.

ரூபாய்க்கு மூன்று படி

இந்த மனநிலையில் வந்தது 1967 தேர்தல். 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொங்கில் ஆறாத புண். பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இந்தி விவகாரத்தில் சி.எஸ்ஸும் இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் அப்போது ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள்; ஆனால் பதவியில் தொடர்ந்தார்கள். மக்கள் கடிதத்தை மறந்தார்கள், தொடர்ந்ததை நினைவில் வைத்தார்கள். அரிசித் தட்டுப்பாடு வேறு. நெல்லுச் சோறு நோன்புக்கும் பண்டிகைக்கும் என்றிருந்த காலம் போய், ஆலைத் தொழிலாளி வீட்டிலும் தினமும் அரிசி உலை ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற திமுகவின் முழக்கம் நேராக அடுப்படிக்குள் போனது.

திமுக 137 சட்டமன்ற இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராஜே தோற்றார். திமுக கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திரா கட்சி 20 சட்டமன்ற இடங்களையும், நாடு முழுவதும் 44 மக்களவை இடங்களையும் பெற்றது. உழவனுக்கு விலை வேண்டும் என்று சொன்ன கட்சியின் கூட்டணியே, அந்த விலையைக் கொண்டுவந்த அமைச்சரை வீழ்த்தியது. ஆட்சிக்கு வந்தபின் மூன்று படி ஒரு படி ஆனது. சென்னையிலும் கோவையிலும் அது தொடங்கியது. அதன் செலவைக் கருவூலம் தாங்கவில்லை.

இந்தத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, 1966 நவம்பரில் அமெரிக்காவிலும் இதே காற்று வீசியது. இடைக்காலத் தேர்தலில் ஜான்சனின் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களைக் குடியரசுக் கட்சியிடம் இழந்தது. கலிபோர்னியாவில் ரொனால்ட் ரீகன் ஆளுநராகத் தேர்வானார். வியட்நாம் போரும் இனக் கொந்தளிப்பும் இருந்தாலும், மளிகைக் கடை விலையும் அங்கே ஓட்டுப் போட்டது. கயிற்றைப் பிடித்தவரையும், கயிற்றில் கட்டுண்ட அரசையும் ஒரே குளிர்காலத்தில் விலைவாசி பதம் பார்த்தது.

அறுவடை தந்த தீர்ப்பு

1967–68-ல் மழை நன்றாகப் பெய்தது. புது விதை மண்ணில் வேரூன்றியிருந்தது. தானிய விளைச்சல் 9.5 கோடி டன். கோதுமை மட்டும் 1.65 கோடி டன். அதற்கு முன் எந்த ஆண்டும் அந்த அளவை எட்டியதில்லை. 1968-ல் இந்திய அரசு 'கோதுமைப் புரட்சி' தபால்தலை வெளியிட்டது. அப்போது சி.எஸ். அமைச்சர் இல்லை. சில ஆண்டுகளில் பி.எல். 480 கப்பல்களின் தேவையே ஓய்ந்தது. 1998-ல் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நியாய விலை என்று தொடங்கியது காலப்போக்கில் கட்டணமில்லா மின்சாரம், தள்ளுபடி என்று வேறு பாதையில் போனது. கோவை, திருப்பூர் பக்கம் ஆயிரம் அடி போர்வெல்லிலும் புழுதி வருவது அந்தப் பாதையின் விளைவு. விலை கொடுப்பது உழைப்புக்கு மரியாதை. இலவசம் கொடுப்பது ஓட்டுக்கு முன்பணம். இரண்டையும் ஒன்றாகக் கருதும் அரசியலை சி.எஸ். தொடங்கிவைக்கவில்லை.

2025-ன் செய்தியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்கர்கள் போட்ட ஓட்டின் விளைவு, 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீத வரியாகத் திருப்பூர் பின்னலாடை மேல் விழுந்தது. ஆர்டர்கள் நின்றன; ஷிப்டுகள் குறைந்தன. பேச்சுவார்த்தை மேசையில் அமெரிக்கா கேட்டவற்றில் முக்கியமானது எது? நம் சந்தையை அவர்களின் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் திறக்க வேண்டும் என்பது. சீனா வாங்காமல் விட்ட விளைச்சல், அயோவா விவசாயியின் ஓட்டு. 1954-ன் கணக்கேதான்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிடங்கில் தானியம் இருப்பதால் டெல்லியால் இன்று மறுத்துப் பேச முடிகிறது. உள்ளங்கையில் பட்டினியை வைத்துக்கொண்டு யாரும் மறுத்துப் பேச முடியாது. மறுக்கும் வலிமையை நமக்குக் கொடுத்தவர்களில் ஒருவரைத்தான் கோபிச்செட்டிபாளையம் தோற்கடித்தது. வாக்காளர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசித்தவன் அடுத்த ஆண்டு அறுவடைக்கு ஓட்டுப் போட மாட்டான். ஆனால் ஆள வருகிறவர்கள் அடுத்த தேர்தலுக்கு அப்பால் விளையும் பயிரையும் விதைக்கக் கடமைப்பட்டவர்கள். தோற்பார்கள் என்று தெரிந்தும் விதைக்க வேண்டும்.

அடுத்த வாரம்: 1970, பெருமாநல்லூர். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு திரட்டிய கொங்கு உழவர்களின் போராட்டம்.

(தொடரும்)