எஸ்-100 புரதம்

எஸ்-100 என்பது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் சிறு புரதங்களின் குடும்பம். முதுகெலும்புள்ள விலங்குகளில் மட்டுமே காணப்படும் இக்குடும்பத்தில், மனித உடலில் 20க்கும் மேற்பட்ட புரதங்கள் உள்ளன. அவற்றுள் எஸ்100பி என்ற வகை நரம்பு மண்டலத்தின் துணைச் செல்களில் நிறைந்திருக்கிறது. ஆகவே, திசுவில் நரம்பு எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய இது அடையாளப் புரதமாகப் பயன்படுகிறது. மூளைக் காயம், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், நரம்புக் கட்டிகள் ஆகியவற்றின் ஆய்வில் இதற்கு உலகெங்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் தொழுநோய் ஆய்வில், குறிப்பாக வேலூரில், இது தனிப் பயன் பெற்றது.

கண்டுபிடிப்பு

1965இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ப்ளேக் மூர், மாட்டு மூளையிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். பெரும்பாலான புரதங்கள் அம்மோனியம் சல்ஃபேட்டின் அடர்கரைசலில் வீழ்படிவாகிவிடும். இதுவோ 100 விழுக்காடு நிறைவுற்ற கரைசலிலும் கரைந்தே இருந்தது. அந்த எண்ணே பெயரில் தங்கியது. மூர் பிரித்தெடுத்தது ஒரே புரதம் அன்று என்பதும், எஸ்100ஏ1, எஸ்100பி ஆகிய இரண்டின் கலவை என்பதும் பின்னர் தெரியவந்தது.

அமைப்பும் பணியும்

எஸ்100பி சுமார் 90 அமினோ அமிலங்கள் கொண்டது. இரண்டு மூலக்கூறுகள் இணைந்து இரட்டையாகவே இயங்கும். ஒவ்வொன்றிலும் கால்சியம் அமரும் வளைவுகள் இரண்டு உண்டு. இவ்வகை வளைவை 1973இல் ராபர்ட் கிரெட்சிங்கர், கெண்டை மீனின் தசையில் உள்ள பார்வால்புமின் என்ற புரதத்தின் படிக அமைப்பில் கண்டு விவரித்தார். பல கால்சியப் புரதங்களுக்கும் அதுவே பொது அமைப்பு.

ஓய்வில் உள்ள செல்லுக்குள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தூண்டுதல் வரும்போது உள்ளே அதன் அளவு சட்டென்று ஏறுகிறது. கால்சியம் வந்து அமர்ந்ததும் எஸ்100பி உருமாறி, அதுவரை மறைந்திருந்த நீர்விலக்குப் பரப்பு ஒன்று வெளித்தெரிகிறது. அந்தப் பரப்பின் வழியே அது வேறு புரதங்களோடு ஒட்டி அவற்றின் வேலையை மாற்றுகிறது. செல்லுக்கு வெளியே கசிந்தால் விளைவு அளவைப் பொறுத்தது: மிகக் குறைந்த செறிவில் நரம்புச் செல்லின் வளர்ச்சிக்குத் துணை செய்யும், செறிவு பல மடங்கு கூடினால் அழற்சியைத் தூண்டிக் கேடு செய்யும்.

காணப்படும் இடங்கள்

மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவத் துணைச் செல்களிலும், கை கால்களுக்குச் செல்லும் புற நரம்புகளில் நரம்பிழையைப் பொதிந்திருக்கும் சுவான் செல்களிலும் எஸ்100பி மிகுதி. தோலில் நிறமி உண்டாக்கும் மெலனோசைட்டுகள், நோய் எதிர்ப்பில் பங்குபெறும் லாங்கர்ஹான்ஸ் செல்கள், வியர்வைச் சுரப்பியின் சுரக்கும் பகுதி ஆகியவற்றிலும் எஸ்-100 உண்டு. கொழுப்புச் செல்லும் குருத்தெலும்புச் செல்லும் இப்பட்டியலில் சேரும். எனவே இதை நரம்புக்கு மட்டுமே உரிய புரதம் என்று கொள்ள முடியாது. முடிவு சொல்லும்போது அது இருக்கும் இடத்தையும் செல்லின் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொழுநோயும் நரம்பும்

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, புற நரம்பின் சுவான் செல்லுக்குள் குடியேறும் இயல்புடையது. சுவான் செல்லைச் சூழ்ந்த லேமினின், அதன் மேற்பரப்பிலுள்ள டிஸ்ட்ரோகிளைக்கன் ஆகிய புரதங்களைப் பற்றிக்கொண்டு கிருமி நுழைவதை அனுர ரம்புக்கன குழுவினர் 1990களின் பிற்பகுதியில் விளக்கினர். நரம்பு சிதைவதால்தான் தேமலில் உணர்ச்சி போகிறது. சூடும் காயமும் தெரியாமல் விரல்கள் தேய்கின்றன. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், கை கால் ஊனத்துக்கு அடிப்படை இந்த உணர்விழப்பே என்று காட்டி, தசைநாண் மாற்று அறுவையால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கினார். அருகிலுள்ள கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் இதே வழியில் வந்தது. தொழுநோயை நரம்பின் நோயாகப் பார்க்கும் மரபு வேலூர் வட்டாரத்தில் இவ்வாறு வேரூன்றியிருந்தது.

நோய் கணிப்பில் சிக்கல்

உடலின் எதிர்ப்பாற்றலைப் பொறுத்துத் தொழுநோய் பல வடிவம் கொள்ளும். 1966இல் ரிட்லி, ஜாப்ளிங் இருவரும் வகுத்த வரிசையில் ஒரு முனை டியூபர்குலாய்டு வகை, மறுமுனை லெப்ரோமேட்டஸ் வகை. லெப்ரோமேட்டஸ் வகையில் கிருமிகள் ஏராளம். ஃபைட்-ஃபராக்கோ சாயத்தில் சிவந்து தெரிந்துவிடும். டியூபர்குலாய்டு வகையில் எதிர்ப்பு வலுவாக இருப்பதால் கிருமி அரிதாகவே கண்ணில் படும். எதிர்ப்புச் செல்கள் திரண்ட முடிச்சுகளே தெரியும். இவற்றைக் கிரானுலோமா என்பர்.

தோல் காசநோய், சார்க்காய்டோசிஸ் போன்ற நோய்களிலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும். சிகிச்சையோ வேறு வேறு. தொழுநோய்க் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை. காசநோய்க்கு அது நாள்தோறும் வேண்டும். சார்க்காய்டோசிஸுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. கிருமி தென்படாதபோது தொழுநோயை உறுதிசெய்யும் திசுச் சான்று, கிரானுலோமா நரம்பை அழித்திருப்பதுதான். ஆனால் சிதைந்த நரம்பின் எச்சம், ஹீமாடாக்சிலின்-ஈயோசின் என்னும் வழக்கமான சாயத்தில் சுற்றியுள்ள எபிதீலியாய்டு செல்களோடு கலந்து, பிரித்தறிய முடியாமல் போகும்.

எஸ்-100 சாயமிடும் முறை

தோலிலிருந்து எடுத்த சிறு துணுக்கை ஃபார்மலினில் இட்டுப் பதப்படுத்துகின்றனர். ஃபார்மலின் குப்பி போதுமென்பதால், செம்மநத்தம், ஏற்காடு போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் எடுத்தாலும் துணுக்கு கெடாமல் சமவெளியின் நோயியல் ஆய்வகத்துக்கு வந்துசேரும், குளிர்பெட்டி தேவையில்லை. பின்னர் பாரஃபின் மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஏற்றுகின்றனர். மெழுகை நீக்கியபின் எஸ்-100 எதிர்ப்பொருளைச் சேர்க்கின்றனர். அது ஒட்டிய இடத்தில் பெராக்சிடேஸ் நொதியின் வினையால் பழுப்பு நிறம் படிகிறது. செல்களின் உட்கருவுக்கு நீலச் சாயம் தருகின்றனர்.

நல்ல தோலில் நரம்புகள் பழுப்பு இழைக்கற்றைகளாக, ஒழுங்கான ஓரத்தோடு தெரியும். நோயுற்ற தோலில் நான்கு நிலைகள் காணப்படலாம்: நரம்பு முழுமையாக இருத்தல், அதனுள் அழற்சிச் செல்கள் ஊடுருவியிருத்தல், கிரானுலோமாவுக்குள் பழுப்புத் துணுக்குகளாகச் சிதறியிருத்தல், அடியோடு இல்லாதிருத்தல். அதே சில்லில் மேல்தோலின் மெலனோசைட்டும் வியர்வைச் சுரப்பியும் பழுப்பாகியிருக்கின்றனவா என்று நோயியலாளர் முதலில் பார்ப்பார். அவை நிறமேறி, நரம்பு மட்டும் காணாமற்போயிருந்தால் சாயம் சரியாக ஏறியிருக்கிறது, நரம்புதான் இல்லை என்று பொருள். அவையும் நிறமேறாவிட்டால் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும்.

வேலூர் ஆய்வு

தொழுநோய்த் திசுவில் இம்முறையின் பயனைப் பிரேசிலின் ஃபிளூரி, பாக்கி இருவரும் 1987இல் எடுத்துக்காட்டினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோயியல், தோல் மருத்துவத் துறையினரும் தொழுநோய் நோயியலாளர் சி. கே. ஜாபும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, தொழுநோயையும் பிற கிரானுலோமா நோய்களையும் ஒப்பிட்டது. நரம்பு துண்டுபட்டிருப்பதைக் கண்டறிவதில் வழக்கமான சாயத்தைவிட எஸ்-100 மேலானது என்பது அதன் முடிவு. நரம்பு சேதமின்றி இருப்பதைக் காட்டுவதன் மூலம் மற்ற நோய்களைப் பிரித்தறியவும் அது உதவியது. தொழுநோயே இல்லாத ஒருவர்மீது அந்தப் பெயர் விழாமல் தடுப்பதும் மருத்துவப் பயன்தான் என்பதால், இந்த இரண்டாம் முடிவுக்கும் அதே எடை உண்டு.

பிற பயன்கள்

சுவானோமா என்னும் நரம்புறைக் கட்டியும் மெலனோமாவும் எஸ்-100 சாயத்தை நன்கு ஏற்கும். தலையில் அடிபட்டால் எஸ்100பி இரத்தத்தில் கசியும். லேசான தலைக்காயத்தில், அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால், தகுந்த நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை என்று ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 வழிகாட்டுதல் கூறுகிறது. எஸ்100பி மரபணு 21ஆம் குரோமோசோமில் இருப்பதால் டவுன் நோய்க்குறி ஆய்விலும் கவனம் பெறுகிறது. குடும்பத்தின் வேறிரு புரதங்களான எஸ்100ஏ8, எஸ்100ஏ9 இணைந்த கால்புரொடெக்டினை மலத்தில் அளந்து குடல் அழற்சியைக் கண்காணிக்கின்றனர்.

தொழுநோயில் எஸ்-100 போலவே, இக்குடும்பத்தைச் சேராத கால்சியப் புரதமான கால்ரெட்டினினும் இல்லாமையால் நோயைக் காட்டுவது. பச்சிளங்குழந்தைகளின் குடலில் நரம்பு முடிச்சுச் செல்கள் உருவாகாத ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயில், மலக்குடல் திசுவில் கால்ரெட்டினின் இழைகள் காணப்படா.

வரம்புகள்

எஸ்-100 சாயம் கிருமியைக் காட்டாது. கிரானுலோமாவுக்குள் இருக்கும் கிளைவடிவ எதிர்ப்புச் செல்களும் பழுப்பாவதால், அவற்றை நரம்புத் துணுக்கு என்று தவறாகக் கொள்ள இடமுண்டு. துணுக்கு எடுத்த இடத்தில் நரம்பே சிக்காமலும் போகலாம். ஆகவே, ‘நரம்பு இல்லை’ என்ற முடிவைத் தனிச் சான்றாகக் கொள்வதில்லை. இரத்தச் சோதனையில் எலும்பு முறிவு, கொழுப்புத் திசுக் காயம் ஆகியவையும் அளவை உயர்த்தும். அதனால் அளவு குறைவாக இருப்பது தரும் நம்பிக்கையை, அளவு கூடியிருப்பது தருவதில்லை.

1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் பரவியபின் தொழுநோய் பெரிதும் குறைந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2005 டிசம்பரில் நாடு அறிவித்தது. ஆயினும் புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகின்றனர். பெரும்பாலோரின் நோய், உணர்ச்சியற்ற தேமலைப் பஞ்சுநுனியால் தொட்டுப் பார்ப்பதிலும், முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதிலுமே தெரிந்துவிடும். அவ்வாறு தெளிவாகாத சிலருக்கே தோல் துணுக்கும் எஸ்-100 சாயமும் தேவைப்படுகின்றன.