பனியில் பிறந்து சேற்றுக்கு வந்த வண்டி



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'போர்வீல்' என்றால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் செம்மண் சடக்கில் லோரி புதைந்து நிற்கும்போது, ஓரமாக உறுமிக்கொண்டு ஏறிப் போகிறதே, அந்த வண்டிதான். 'போர்' என்று நாம் சொல்வது நான்கு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு யுத்தம் என்றும் பொருள் உண்டல்லவா? இந்த வண்டியின் வரலாற்றைப் படித்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. பனி இதைப் பெற்றது. போர் இதை வளர்த்தது. சேறு இதற்கு வேலை கொடுத்தது. இந்த மூன்றையும் இன்று பார்ப்போம். அதோடு, குளிர் நாட்டில் இந்த வண்டி ஏன் முரண்டு பிடிக்கிறது, நம் நாட்டில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

சாதாரண வண்டி எப்படி ஓடுகிறது? இயந்திரத்தின் வலிமை கியர் பெட்டி வழியாகப் பின்சக்கரங்களுக்கோ முன்சக்கரங்களுக்கோ போகிறது. மற்ற இரண்டு சக்கரங்களும் சும்மா உருளுகின்றன. பின்சக்கரத்தால் ஓடும் வண்டியின் அந்தச் சக்கரங்கள் சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். முன்சக்கரங்கள் நல்ல தரையில் இருந்தாலும் பயனில்லை. நான்கு சக்கரங்களும் இழுத்தால் இந்தக் குறை தீரும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் முன்சக்கரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. அது திரும்பவும் வேண்டும். திரும்பிக்கொண்டே இழுக்கவும் வேண்டும். மனிதனுடைய தோள்மூட்டைப் போல எப்பக்கமும் வளையும் ஒரு மூட்டு அங்கே இருந்தால்தான் அது நடக்கும்.

ஹாலந்து நாட்டின் ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டில் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஆயினும் அது பந்தயக் காராகவே நின்றுவிட்டது. பாடுபடும் மக்களுக்கு உதவும் வண்டியாக அதை ஆக்கியவர்கள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளிண்டன்வில் என்ற சிற்றூரில் இருந்த இரண்டு பட்டறைக்காரர்கள். ஒருவர் ஓட்டோ சாக்கோவ். மற்றவர் அவருடைய மைத்துனர் வில்லியம் பெசர்டிச். விஸ்கான்சின் நீண்ட குளிர்காலமும் ஆழமான பனியும் உள்ள மாநிலம். பனி உருகும்போது சாலையெல்லாம் சேறாகும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அவ்விருவரும், திரும்பிக்கொண்டே இழுக்கும் முன்சக்கர மூட்டுக்கு 1908இல் காப்புரிமை பெற்றார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். இரும்போடு பழகிய கைகளை உடையவர்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் லோரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் சேற்றுக் களங்களில் ஓடின.

இரண்டாம் உலகப் போர் இந்த வண்டியை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1940இல் அமெரிக்க இராணுவம் சிறிய, இலேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் 49 நாட்களில் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அதுதான் ஜீப்.

ஜப்பானியர்கள் அதற்கு முன்பே ஒன்று செய்துவிட்டார்கள். 1930களின் நடுவில் குரோகானே என்ற சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி அவர்களுடைய இராணுவத்துக்கு வந்தது. அதன் இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது; காற்றே போதும். ஏன் தெரியுமா? மஞ்சூரியாவின் கடுங்குளிரில் தண்ணீர் உறைந்து இயந்திரத்தைப் பிளந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டால் உறைவதற்கு என்ன இருக்கிறது? குளிரை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்த வண்டி அது. அப்படி எண்ணிப் பாராதவர்கள் பட்ட பாட்டையும் வரலாறு சொல்கிறது. 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானியப் படையின் வண்டிகளில் எண்ணெய் கெட்டித்து, இயந்திரம் சுழலாமல் நின்றது. வண்டிக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றிக் கிளப்ப வேண்டிய நிலை வந்தது.

அதே 1941இல் நம் ஜொகூரின் தம்போயும் போரின் பாதையில் இருந்தது. அங்கிருந்த மனநல மருத்துவமனைக் கட்டடங்களில் ஆஸ்திரேலியப் படையின் பொது மருத்துவமனை ஒன்று இயங்கியது. 1942 ஜனவரியில் போர் தெற்கு நோக்கி நெருங்கியதும் அது சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. அம்மாதம் 31ஆம் நாள் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது.

போர் முடிந்தபின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அலுமினியமோ கிடைத்தது. மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியாளர் ஜீப்பைப் பார்த்து, விவசாயிகளுக்காக அலுமினிய உடம்போடு ஒரு வண்டியைத் திட்டமிட்டார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. அதுதான் லேண்ட்ரோவர். அடுத்த ஜூன் மாதத்திலேயே மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. யோங் பெங், குளுவாங், லாபிஸ் பக்கத்துச் சடக்குகளில் போகவே மக்கள் அஞ்சினார்கள். இராணுவமும் போலீசும் தோட்டத் துரைமாரும் பயன்படுத்திய வண்டிகளில் லேண்ட்ரோவர் முக்கியமானது. நம் பாட்டன்மார் முதலில் கண்ட 'போர்வீல்', பெரும்பாலும், துப்பாக்கி ஏந்தியவர்கள் வந்த வண்டிதான். அதனால் பலருக்கு அதன் சத்தமே அச்சமாக இருந்தது.

இதில் நம் தம்போய்க்கு இன்னொரு பங்கும் உண்டு. 1970களில் தம்போயில் இருந்த கார் பொருத்தும் தொழிற்சாலையோடு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குத் தொடர்பு இருந்தது. அந்நிறுவனம் வளரும் நாடுகளுக்கென்று எளிமையான வண்டி ஒன்றைத் திட்டமிட்டது. வளைந்த உடம்பு கிடையாது. தட்டையான தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்தால் போதும். பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டாம். இயந்திரமும் கியர் பெட்டியும் மட்டும் வெளியிலிருந்து வரும். பிலிப்பீன்ஸ் நாட்டில் அதற்கு 'ஹராபாஸ்' என்று பெயர். நம் நாட்டில் 'ஹரிமாவ்', அதாவது புலி. 1985இல் புரோட்டோன் சாகா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலேசியப் பெயர் தாங்கி வந்த வண்டி அது. ஆனால் அந்தப் புலி பின்கால்களால் மட்டுமே பாய்ந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு அதில் இல்லை. மலிவாகவும் எளிதாகவும் செய்ய வேண்டுமென்றால் எதையாவது விடத்தானே வேண்டும்? நாளடைவில் அந்த வண்டி மறைந்துபோயிற்று.

வேலைக்காரர்களின் பிக்கப் வண்டிக்கு நான்கு சக்கர இழுவை பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். 1968இல் இரண்டு சக்கர இழுவையோடு பிறந்த டொயோட்டா ஹைலக்சுக்கு 1979இல் நான்கு சக்கர இழுவை கிடைத்தது. இதற்கிடையே ஜப்பானின் வட பகுதியில் இருந்த தோஹோக்கு மின்சார நிறுவனம், பனிமலையில் மின்கம்பிகளைப் பழுதுபார்க்கப் போகும் தன் ஊழியர்களுக்கு ஜீப்பைவிட வசதியான வண்டி வேண்டும் என்று கேட்டது. அதன் பயனாக 1972இல் சுபாரு லியோனே நான்கு சக்கர வண்டி சந்தைக்கு வந்தது. இங்கும் பார்த்தீர்களா, பனிதான் தூண்டுகோல்!

இனி, பழுதைப் பற்றிப் பேசுவோம். பனி நாட்டில் காலையில் எழுந்து ஒருவர் பிக்கப்பை எடுக்கிறார். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை. நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுகிறார், மாறவில்லை. காரணம் என்ன?

முதல் காரணம், எண்ணெய். தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாவதைக் கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கியர் எண்ணெயும் கடுங்குளிரில் பாகாகிவிடும். அதனால்தான் எண்ணெய்க் கலத்தில் 75டபிள்யூ, 80டபிள்யூ என்று எண் போட்டிருக்கிறார்கள். எண் குறையக் குறைய அது கடுங்குளிரிலும் ஓடும். கெட்டியான எண்ணெயில் பல்சக்கரம் நகர மறுக்கும். சிறிது தூரம் மெதுவாக ஓட்டிச் சூடேற்றிய பின் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இணைக்கும் கருவி. பழைய வண்டிகளில் ஓட்டுநர் இறங்கிப்போய் முன்சக்கரத்தின் நடுவில் உள்ள பூட்டைக் கையால் திருப்புவார். இப்படிப்பட்ட பூட்டை 1948இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரத்து ஆர்தர் வார்ன் ஜீப்புக்காகச் செய்து பரப்பினார். பிறகு வசதி கருதி, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இணைக்கும் கருவிகள் வந்தன. சிலவற்றில் காற்றை உறிஞ்சும் மெல்லிய ரப்பர்க் குழாய்கள் அந்த வேலையைச் செய்யும். குளிரில் ரப்பர் விறைத்து வெடிக்கும், காற்று கசியும், இணைப்பு நடக்காது. 1988 முதல் வந்த சில செவ்ரலே பிக்கப்புகளில் வேறொரு முறை. மின்சாரத்தால் ஒரு பொருளைச் சூடாக்க, அது விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். சாதாரண நாளிலேயே அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். கடுங்குளிரில் அந்தப் பொருள் சூடேறுவதற்குள் ஓட்டுநரின் பொறுமை போய்விடும்! பின்னாளில் அதற்குப் பதிலாகச் சிறு மின்மோட்டார் வைத்தார்கள்.

மூன்றாவது, தண்ணீர். மூட்டுகளிலும் கம்பிகளிலும் ஒட்டிய ஈரம் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். நான்காவது, குளிரில் வலிமை குன்றும் பேட்டரி.

ஆகவே விவரம் தெரிந்த மெக்கானிக் எடுத்தவுடனே கியர் பெட்டியைப் பிரிக்க மாட்டார். முதலில் பேட்டரியையும் பியூசையும் பார்ப்பார். பிறகு வயர், குழாய். பிறகு வெளியே தெரியும் கம்பிகளும் மூட்டுகளும். பிறகு எண்ணெய். கடைசியாகத்தான் பெட்டியின் உள்ளே. சுலபமானதிலிருந்து கடினமானதற்கு, வெளியிலிருந்து உள்ளே. குழந்தைகளே, கணக்குப் பாடத்திலும் விடை தவறினால் இப்படித்தான் தேட வேண்டும்.

"நம் நாட்டில்தான் பனியே இல்லையே, இந்தக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நமக்குப் பனி இல்லை; ஆனால் தண்ணீர் உண்டு. ஓடி ஓடிச் சூடேறிய வண்டி திடீரென்று வெள்ளத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். பெட்டியின் மேலே உள்ள சுவாசக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், தேய்ந்த ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த எண்ணெய் வாளியில் கிடக்கும் ரப்பர் பால்போல வெளுத்துவிடும். அதன் பிறகு துரு. துருவுக்குப் பிறகு பெரும் செலவு. பனி நாட்டில் ஓர் இரவில் வரும் பழுது, நம் நாட்டில் ஓசையில்லாமல் மூன்று மாதத்தில் வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொரு பகைவன், பயன்படுத்தாமை. வெயில் காலத்தில் யாரும் நான்கு சக்கர இழுவையைத் தொடுவதில்லை. மழை வந்து தேவைப்படும்போது லீவர் அசையாது. நான் அறிந்த ஒரு தோட்டத்தில், மழை இரவொன்றில் காய்ச்சல் கண்ட ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் பெரிய சடக்குவரை தூக்கிப் போனார்கள். வண்டி இருந்தது, ஆனால் அதன் முன்சக்கரம் இழுக்கவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் பழைய ஓட்டுநர் ஒருவர் இளைஞரிடம் சொன்னார்: "தம்பி, மாசத்துக்கு ஒரு தடவையாவது ஈர மண்ணுல போட்டு ஓட்டிப் பாருப்பா. கத்தியை தீட்டாம வச்சிருந்தா பால் வெட்ட முடியுமா?"

ஈர மண்ணில் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருளுகின்றன. பெரும்பாலான பிக்கப்புகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் என்றால் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க முடியாது. முறுக்கம் ஏறி மூட்டு உடையும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சிகாமட்டும் கோத்தா திங்கியும் தண்ணீரில் மூழ்கின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் உணவுப் பொட்டலத்தையும் நோயாளியையும் சுமப்பது உயரமான லோரியும் நான்கு சக்கர வண்டியும்தான். அப்போது ஒரு சுவாசக் குழாய் சுத்தமாக இருந்ததா இல்லையா என்பது சிறு செய்தியல்ல. ஓர் உயிரின் செய்தி.

நம் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தம்போயும் நகரமாகிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருக்கிறார்கள். இன்னும் பலர் ஆவார்கள். அதைக் குறைந்த வேலை என்று நினைக்க வேண்டாம். திரும்பிக்கொண்டே இழுக்கும் மூட்டை ஒரு சிற்றூர்ப் பட்டறையில் கண்டுபிடித்த சாக்கோவும் அவர் மைத்துனரும் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடுதான் வரலாற்றில் நுழைந்தார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படிப்பட்ட வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், அடுத்த மழைக்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது போர்வீல் போட்டு ஓட்டிப் பார்த்தீர்கள்?"